எந்த மாநிலம்? அமெரிக்க ஆளுநர் தேர்தல்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க மாநிலத் தேர்தல்கள் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பங்கு தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்துதான். தெருவுக்கு ஒரு வீட்டுப் பிள்ளையாவது அமெரிக்காவில் இருக்கும் பகுதி, அதனால் வியப்பில்லை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்கு நிற்பார் என்று எங்கள் பக்கம் பேச்சு அடிபட்டது. நிற்கிறாரா? நின்றால் கோயிலில் மறுபடி பூஜை போட ஆள் தயார்.
வாசகர், மன்னார்குடி

நிற்கவில்லை. போட்டியிடப் போவதில்லை என்று 2025 ஜூலை 30-ஆம் தேதி அவரே அறிவித்துவிட்டார். அந்த மாநிலத்தில் அவர் 2011 முதல் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் (அங்கே அதுவும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி), பிறகு செனட்டர், பிறகு நாட்டின் துணை அதிபர். ஆளுநராக இருந்ததில்லை.

கலிஃபோர்னியாவின் முறையைத் தெரிந்துகொண்டால், அவர் நிற்பாரா மாட்டாரா என்று மற்றவர்கள் ஏன் அத்தனை மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது புரியும். ஜூனில் நடக்கும் முதல் சுற்றில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பட்டியலில் இருப்பார்கள். அதில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மட்டும் நவம்பருக்குப் போவார்கள், இருவரும் ஒரே கட்சிக்காரர்களாக இருந்தாலும் சரி. இதில் ஒரு கண்ணி உண்டு. பெரிய கட்சியில் எட்டுப் பேர் நின்று ஓட்டைப் பிரித்துக்கொண்டு, சின்ன கட்சியில் இரண்டே பேர் நின்றால், பெரிய கட்சி நவம்பர் வாக்குச்சீட்டிலேயே இல்லாமல் போகலாம். அதனால் அங்கே கட்சிக்குள் நடக்கும் பேரம், யார் நிற்பது என்பதைவிட யார் விலகுவது என்பதைப் பற்றித்தான் அதிகம். பெரிய பெயர் ஒன்று ஒதுங்கினால் ஓட்டுக் கணக்கு முழுதும் மாறிவிடும்.

நம் ஊரில் ஆளுநரை டெல்லி நியமிக்கிறது. அங்கே ஏன் தேர்தல்? அவருக்கு வேலைதான் என்ன?
வாசகி, திருவாரூர்

பெயர்தான் ஒன்று, பதவி வேறு. நம் ஆளுநரை அரசியல் சாசனத்தின் 155-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அமெரிக்க ஆளுநர் மக்களிடம் நேராக ஓட்டு வாங்கி வருபவர். வேலையை வைத்துப் பார்த்தால் நம் முதலமைச்சருக்குத்தான் ஒப்பு: பட்ஜெட், மாநில போலீஸ், சிறைச்சாலை, நெடுஞ்சாலை, பல்கலைக்கழகம், மாநில தேசியக் காவல் படை, தண்டனைக் குறைப்பு எல்லாம் அவர் மேசைக்கு வரும். ஆனால் முதலமைச்சரைப் போல அவர் சட்டமன்றத்தின் தலைவர் அல்ல. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரைக் கவிழ்க்க முடியாது. அதேபோல, சட்டமன்றம் முழுதும் எதிர்க்கட்சி கையில் இருந்தாலும் நான்கு வருடம் அதனோடுதான் அவர் குடித்தனம் நடத்தியாக வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரிலும் வெர்மான்ட்டிலும் மட்டும் பதவிக்காலம் இரண்டே ஆண்டு.

மசோதாவை ஆளுநர் கிடப்பில் போடுவது அங்கேயும் உண்டா?
வாசகர், கும்பகோணம்

இந்தக் கேள்வி ஏன் வந்தது என்று தெரிகிறது. அங்கே நாள் கணக்கு சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் சாதாரணமாக 12 நாள். அதற்குள் கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் இருந்தால் மசோதா தானே சட்டமாகிவிடும். கூட்டத்தொடர் முடிவில் குவியும் மசோதாக்களுக்கு மட்டும் 30 நாள். திருப்பி அனுப்பியதை மீறி நிறைவேற்றப் பெரும்பாலான மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கென்டக்கி, அலபாமா போன்ற சில மாநிலங்களில் சாதாரணப் பெரும்பான்மையே போதும். அங்கே ஆளுநரின் மறுப்பு ஒரு வாரத் தாமதம், அவ்வளவுதான்.

தாமதிக்க முடியாதே தவிர, வெட்ட முடியும். பெரும்பாலான ஆளுநர்கள் நிதி மசோதாவில் பிடிக்காத செலவினத்தை மட்டும் கோடு போட்டு அடித்துவிடலாம். விஸ்கான்சினில் இது உச்சம். அங்கே ஆளுநர் எண்ணையும் இணைப்புக்கோட்டையும்கூட அடிக்கலாம். 2023-இல் ஆளுநர் டோனி எவர்ஸ் அதைத்தான் செய்தார். பள்ளி மாவட்டங்கள் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள்) ஒரு மாணவருக்கு ஆண்டுதோறும் 325 டாலர் கூடுதலாகத் திரட்டிக்கொள்ளலாம் என்ற அனுமதி, மசோதாவில் '2024-25' கல்வியாண்டு வரைக்கும்தான் இருந்தது. அவர் அதிலிருந்த '20' என்ற இரண்டு இலக்கத்தையும் நடுவிலிருந்த கோட்டையும் அடித்தார். மிஞ்சியது '2425'. நானூறு வருடத்துக்கு அனுமதி! வழக்குப் போனது. 2025 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம், செல்லும் என்று சொல்லிவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் சட்டம் எழுதுகிறவர்கள் இனி ஆண்டை எழுத்தால் எழுதிவிட்டுத்தான் தூங்குவார்கள்.

எப்போது தேர்தல்? ஒரே நாளில் 50 மாநிலத்திலுமா?
வாசகர், பட்டுக்கோட்டை

பெரும்பாலும் நவம்பரில் முதல் திங்கட்கிழமைக்கு அடுத்து வரும் செவ்வாய். ஆனால் எல்லா மாநிலமும் ஒரே ஆண்டில் அல்ல. 36 மாநிலங்கள் அதிபர் தேர்தல் இல்லாத இரட்டைப்படை ஆண்டில் நடத்துகின்றன. 2026-க்கு அந்த நாள் நவம்பர் 3. அதிபர் தேர்தலோடு சேர்த்து நடத்துபவை 11 (இரண்டாண்டுப் பதவிக்காலம் உள்ள நியூ ஹாம்ப்ஷயரும் வெர்மான்ட்டும் இரண்டு கணக்கிலும் வரும்). நியூ ஜெர்சியும் வர்ஜீனியாவும் அதிபர் தேர்தலுக்கு அடுத்த ஆண்டு. 2025-இல் அங்கே மிக்கி ஷெரில், அபிகெயில் ஸ்பான்பெர்கர் என்ற இரண்டு பெண்கள் வென்றார்கள். கென்டக்கி, மிசிசிப்பி, லூசியானா அதிபர் தேர்தலுக்கு முந்தைய ஆண்டு. அதிபர் அலையில் மாநில விவகாரம் அடித்துக்கொண்டு போய்விடக்கூடாது என்பதுதான் தேதியைத் தள்ளி வைத்ததற்குச் சொல்லும் நியாயம். நடப்பில், வெள்ளை மாளிகையில் இருப்பவர் மேலுள்ள கோபத்தை ஜனங்கள் இந்தத் தேர்தலில் காட்டிவிடுகிறார்கள்.

என் மகன் நியூ ஜெர்சியில் சமீபத்தில் குடியுரிமை வாங்கினான். அதிபராக முடியாது என்று தெரியும். ஆளுநராக நிற்கலாமா?
வாசகி, திருவையாறு

நிற்கலாம், ஆனால் உங்கள் மகன் பொறுத்திருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் 30 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடிமகனாகி 20 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், மாநிலத்தில் 7 ஆண்டு வசித்திருக்க வேண்டும். மிசூரியில் 15 ஆண்டு குடியுரிமை, 10 ஆண்டு வாசம். பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதிபருக்கும் துணை அதிபருக்கும் மட்டுமே. ஆஸ்திரியாவில் பிறந்த ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் கலிஃபோர்னியாவையும், கனடாவில் பிறந்த ஜெனிஃபர் கிரான்ஹோம் மிச்சிகனையும் ஆண்டிருக்கிறார்கள்.

வயது பெரும்பாலான இடங்களில் 30. ஓக்லஹோமாவில் மட்டும் என்ன கணக்கோ, 31. கலிஃபோர்னியாவில் 18 போதும். வெர்மான்ட் சாசனத்தில் வயதைப் பற்றிப் பேச்சே இல்லாததால் 2018-இல் 14 வயதுப் பையன் ஒருவன் உட்கட்சித் தேர்தலில் நின்றான். அதே ஆண்டு கான்சாஸிலும் பள்ளி மாணவர்கள் வரிசையாகக் கிளம்ப, அந்த மாநிலம் அவசரமாகச் சட்டம் போட்டுக் கதவைச் சாத்தியது.

வயதைவிட ஆளைக் கவிழ்ப்பது வாச நிபந்தனை. ஒரேகானில் தேர்தலுக்கு முந்தைய மூன்று ஆண்டு மாநிலவாசியாக இருக்க வேண்டும். பத்திரிகையாளர் நிக்கோலஸ் கிறிஸ்டாஃப் அங்கே வளர்ந்தவர், பண்ணை நிலம் வைத்திருப்பவர், வரி கட்டுபவர். 2022 தேர்தலுக்காகக் கட்சிக்காரர்களிடம் பெரும் நிதியும் திரட்டிவிட்டார். ஆனால் 2020 நவம்பரில் அவர் ஓட்டுப் போட்டது நியூயார்க்கில். ஒரேகான் உச்ச நீதிமன்றம் பெயரைச் சேர்க்க முடியாது என்றது. ஊரில் நிலம் இருந்தால் ஊர்க்காரன் என்பது நம்முடைய கணக்கு; அங்கே ஓட்டும் ஓட்டுநர் உரிமமும் எந்த மாநிலத்தில் என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

வேட்புமனு, டெபாசிட், முன்மொழிபவர் எல்லாம் உண்டா?
வாசகர், நாகப்பட்டினம்

இங்கே சட்டமன்றத்துக்கு நிற்கப் பொதுப் பிரிவினருக்கு டெபாசிட் 10,000 ரூபாய். அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் ஒரு முன்மொழிபவர், சுயேச்சை என்றால் பத்துப் பேர். அங்கே டெபாசிட் என்ற சங்கதியே இல்லை, கட்டிய கட்டணம் திரும்பாது. டெக்சாஸில் 3,750 டாலர், அல்லது அதற்குப் பதில் 5,000 வாக்காளர் கையெழுத்து. ஃப்ளோரிடாவில் கட்சி வேட்பாளருக்கு அந்தப் பதவியின் ஆண்டுச் சம்பளத்தில் 6 சதவீதம். நியூயார்க்கில் கட்சி வழியாக மனுப்போட 15,000 கையெழுத்து. எந்தக் கட்சியிலும் சேராமல் நிற்க 2020-க்குப் பிறகு 45,000.

பணம் கட்டுவது சுலபம், கையெழுத்துத்தான் ஆளைத் தின்னும். மிச்சிகனில் குறைந்தது 15,000 செல்லத்தக்க கையெழுத்து வேண்டும், அதிகபட்சம் 30,000 கொடுக்கலாம். கெட்டிக்கார வேட்பாளர் உச்சவரம்பை ஒட்டியே கொடுப்பார், ஏனென்றால் சரிபார்க்கும்போது கழிந்துகொண்டே போகும்: முகவரி மாறியவர், வேறு மாவட்டத்துக்காரர், வாக்காளர் பட்டியலிலேயே இல்லாதவர், இருமுறை போட்டவர். 2022-இல் அங்கே குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஐந்து ஆளுநர் வேட்பாளர்கள், டெட்ராய்ட்டின் முன்னாள் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் கிரெய்க் உட்பட, வாக்குச்சீட்டுக்கே வராமல் போனார்கள். கையெழுத்து வாங்க ஆளை அமர்த்தியிருந்தார்கள். அந்த ஆட்கள் தெருவுக்குப் போகவே இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பழைய வாக்காளர் பட்டியலைப் பார்த்து, தாளைக் கைமாற்றிக் கைமாற்றி ஆளுக்கு ஒரு வரி போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். இறந்துபோனவர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தேர்தல் அலுவலகம் கண்டுபிடித்த விதம்தான் சுவை: வாசல் வாசலாக அலைந்த தாள் மடங்கியிருக்கும், ஓரம் நைந்திருக்கும், ஈரம் பட்டிருக்கும். இந்தத் தாள்கள் கட்டிலிருந்து பிரித்த கையோடு வந்தவை போல மொடமொடவென்று இருந்தன. வேட்பாளர்களுக்கே தெரியாமல் நடந்திருக்கலாம் என்று அலுவலகமே ஒப்புக்கொண்டது. இருந்தும் என்ன, எண்ணிக்கை தேறவில்லை. நீதிமன்றமும் கைவிட்டது.

நிற்க நினைப்பவர் செய்ய வேண்டியது: வாங்கிய தாள்களை வாராவாரம் சொந்த ஆளை வைத்து வாக்காளர் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பது, தேவையில் பாதி அதிகமாகவாவது சேர்ப்பது, கையெழுத்துக்கு இத்தனை டாலர் என்று கூலி பேசும் குத்தகைக்காரரிடம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்காமல் இருப்பது.

ஓட்டுக்குப் பணம் உண்டா? செலவுக்கு வரம்பு?
வாசகர், பேராவூரணி

செலவுக்கு வரம்பு இல்லை. வேட்பாளர் தன் சொந்தப் பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம் என்று 1976-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2010-இல் கலிஃபோர்னியாவில் மெக் விட்மன் சுமார் 14 கோடி டாலர் சொந்தக் காசைச் செலவழித்துத் தோற்றார். 2018-இல் இல்லினாயில் ஜே.பி. பிரிட்ஸ்கர் சுமார் 17 கோடி செலவழித்து ஜெயித்தார். பெரும்பகுதி தொலைக்காட்சி விளம்பரத்துக்குப் போய்ச்சேரும். தனிநபர் நன்கொடைக்குச் சில மாநிலங்களில் உச்சவரம்பு உண்டு, டெக்சாஸிலும் வர்ஜீனியாவிலும் அதுவும் இல்லை. நியூ ஜெர்சியில் வேறு வழி: விரும்பும் வேட்பாளர் செலவு வரம்பை ஏற்றுக்கொண்டால், அவர் திரட்டும் ஒவ்வொரு டாலருக்கும் அரசு இரண்டு டாலர் கொடுக்கும்.

வாக்காளர் கையில் பணம் கொடுப்பது குற்றம். ஜார்ஜியாவில் 2021 சட்டப்படி, வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்கு நீங்கள் தண்ணீர் பாட்டில் கொடுத்தால்கூடக் குற்றம். தேர்தல் அலுவலர்கள் குடிநீர் வைக்கலாம், மற்றவர்கள் கூடாது. மோர்ப் பந்தல் போட்டுப் பழகிய நம் கட்சிக்காரர்களுக்கு அங்கே கை ஓடாது.

தேர்தல் ஆணையம் அங்கே யார்? ஓட்டு எண்ண ஏன் இத்தனை நாள்?
வாசகர், மயிலாடுதுறை

நம்மைப் போல ஒரே ஆணையம் கிடையாது. பெரும்பாலான மாநிலங்களில் தேர்தல் பொறுப்பு செகரட்டரி ஆஃப் ஸ்டேட் என்பவரிடம், அவர் பெரும்பாலும் கட்சி சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருக்குக் கீழே கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலர்கள்தான் சாவடி வைப்பது, சீட்டு அச்சிடுவது, எண்ணுவது எல்லாம். இதில் எங்களுக்கு உறுத்துவது ஒன்றுண்டு: தேர்தலை மேற்பார்வை செய்பவரே ஆளுநர் பதவிக்கு நிற்கலாம். 2018-இல் ஜார்ஜியாவில் பிரையன் கெம்ப் அப்படி நின்று ஜெயித்தார். 2022-இல் அரிசோனாவில் கேட்டி ஹாப்ஸ் நின்று 17,117 ஓட்டில் ஜெயித்தார். ஒருவர் குடியரசுக் கட்சி, ஒருவர் ஜனநாயகக் கட்சி. இரண்டு தடவையும் எதிர்த்தரப்பு ஒரே கூச்சலைத்தான் போட்டது, நியாயமாகவே.

நாளாவதற்குக் காரணம் தபால் ஓட்டு. உறையின் மேல் வாக்காளர் போட்ட கையெழுத்தைப் பதிவிலுள்ள கையெழுத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் பல மாநிலங்களில் வாக்காளருக்குத் தகவல் கொடுத்துச் சரிசெய்ய அவகாசம் தருவார்கள்.

இது சில்லறை விஷயம் என்று நினைத்தால் 2004 வாஷிங்டன் மாநிலத் தேர்தலைப் பாருங்கள். சுமார் 28 லட்சம் ஓட்டு. முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் டீனோ ராசி 261 ஓட்டு முன்னிலை. இயந்திர மறுஎண்ணிக்கையில் அது 42 ஆகச் சுருங்கியது. ஜனநாயகக் கட்சி முன்பணம் கட்டி, கையால் எண்ணச் சொன்னது. அந்த நேரத்தில் கிங் கவுன்டியில், பதிவில் கையெழுத்து இல்லை என்று ஒதுக்கப்பட்டவர்களின் பட்டியலைப் புரட்டிய கவுன்டி கவுன்சில் தலைவர் லாரி ஃபிலிப்ஸ், அதில் தன் பெயரே இருப்பதைப் பார்த்தார். தேடினால், கணினியில் ஏற்றாமல் விட்ட கையெழுத்துகளால் ஒதுக்கப்பட்ட செல்லத்தக்க ஓட்டுகள் 500-க்கும் மேல். எண்ணலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மூன்றாவது எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ்டீன் கிரிகோயர் 129 ஓட்டில் ஆளுநர். அடுத்த ஜூனில் வழக்கு முடிந்தபோது வித்தியாசம் 133.

எத்தனை ஓட்டு வாங்கினால் வெற்றி என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பெரும்பாலான இடங்களில் அதிக ஓட்டு வாங்கியவர் வென்றவர். ஜார்ஜியாவில் பாதிக்கு மேல் வேண்டும், இல்லையேல் முதல் இருவருக்கும் மறுதேர்தல். அந்த மறுதேர்தல் விதி வருமுன், 1966-இல், அங்கே யாருக்கும் பாதி தேறாமல், இரண்டாவதாக வந்த லெஸ்டர் மேடாக்ஸைச் சட்டமன்றம் ஆளுநராக்கியது. வெர்மான்ட்டில் இன்றைக்கும் பாதி தேறாவிட்டால் முடிவு சட்டமன்றத்தின் கையில். அலாஸ்காவில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுகிறார்கள்.

எங்களுக்கு ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதுதான் அரசியல். அங்கே மாநிலங்களுக்குள் ஆற்றுத் தண்ணீர்ச் சண்டை உண்டா? ஆளுநருக்கு அதில் பங்கு உண்டா?
விவசாயி, நீடாமங்கலம்

உண்டு, நூறு வருடமாக. கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் 1922-இல் ஒப்பந்தம் போட்டுப் பங்கிட்டன: மேலே கொலராடோ, வயோமிங், யூட்டா, நியூ மெக்சிகோ, கீழே அரிசோனா, நெவாடா, கலிஃபோர்னியா. மேலுக்கும் கீழுக்கும் ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி. ஓர் ஏக்கர்-அடி 43,560 கன அடி என்பதால், நம் கணக்கில் தலைக்குச் சுமார் 327 டிஎம்சி. கீழ் மாநிலங்களின் உள்பங்கு: கலிஃபோர்னியா சுமார் 192 டிஎம்சி, அரிசோனா 122, நெவாடா வெறும் 13. ஒப்பிட்டுக்கொள்ள, 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியது 177.25 டிஎம்சி.

கோளாறு எங்கே என்றால், பங்கு போட்டபோது கையிலிருந்த கணக்கு நல்ல மழை பெய்த ஆண்டுகளுடையது. ஆற்றில் அவ்வளவு தண்ணீர் சராசரியாக வருவதே இல்லை. போதாததற்கு 1944 உடன்பாட்டில் மெக்சிகோவுக்கு 15 லட்சம் ஏக்கர்-அடி எழுதிக் கொடுத்தார்கள். பற்றாக்குறையைப் பங்கிட 2007-இல் போட்ட விதிகளின் காலம் 2026-ஓடு முடிகிறது. அடுத்த விதிக்கான பேச்சில் மாநிலத்தின் சார்பில் உட்காருபவர்கள் பெரும்பாலும் ஆளுநர் நியமித்தவர்கள். ஆகவே அரிசோனாவில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் பாசனக்காரர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குறையில் எங்கள் பங்கு எவ்வளவு வெட்டப்படும், நகரத்தின் பங்கு எவ்வளவு?

அரிசோனா ஒரு காலத்தில் பேச்சோடு நிற்கவில்லை. அந்த ஒப்பந்தத்துக்கு 1944 வரை அது சம்மதிக்கவே இல்லை. கலிஃபோர்னியாவுக்குத் தண்ணீர் கொண்டுபோக பார்க்கர் அணை கட்டத் தொடங்கியபோது, 1934 நவம்பரில் ஆளுநர் பெஞ்சமின் மோயர் இராணுவச் சட்டம் அறிவித்து, இயந்திரத் துப்பாக்கிகளோடு தேசியக் காவல் படையைக் கரைக்கு அனுப்பிவிட்டார். மத்திய அரசு வேலையை நிறுத்தியது. 1935-இல் உச்ச நீதிமன்றம், முறையான அனுமதி இல்லாமல் அணை கட்டக்கூடாது என்று அரிசோனா பக்கம் தீர்ப்பளித்தது. சில மாதத்தில் நாடாளுமன்றம் அந்த அனுமதியைக் கொடுத்துவிட, அணை எழுந்தது. படை அனுப்பிய ஆளுநர் உள்ளூரில் வீரர் ஆனார், தண்ணீர் கலிஃபோர்னியாவுக்குப் போனது.

மகள் எச்-1பி விசாவில் டெக்சாஸில் இருக்கிறாள். பிரசாரத்தில் உதவலாமா? நன்கொடை கொடுக்கலாமா?
வாசகி, பாபநாசம்

நன்கொடை கூடவே கூடாது. வெளிநாட்டவர் எந்த மட்டத் தேர்தலுக்கும், ஆளுநர் தேர்தல் உட்பட, பணம் தருவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. நீங்கள் இங்கிருந்து அனுப்பி, குடியுரிமை உள்ள மருமகன் பெயரில் கட்டுவதும் குற்றம்தான். கிரீன் கார்டு உள்ளவர் நன்கொடை தரலாம், ஆனால் ஓட்டு இல்லை. உங்கள் மகள், கூலி வாங்காமல் துண்டறிக்கை கொடுப்பது, தொலைபேசியில் பேசுவது போன்ற தொண்டு வேலை செய்யலாம்.

ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் கவனம் வேண்டும். அந்தப் படிவத்திலேயே வாக்காளராகப் பதிவு செய்யவா என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் 'ஆம்' என்று குறித்தால், குடிமகள் என்று பொய் சொன்னதாகக் கணக்கு. விசா, கிரீன் கார்டு, பின்னால் குடியுரிமை மூன்றுக்கும் வினை. தெரியாமல் பெயர் சேர்ந்துவிட்டால், ஓட்டுச் சீட்டு வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காமல் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு பெயரை நீக்கச் சொல்ல வேண்டும்.

விவேக் ராமசாமி தமிழரா?
வாசகர், திருத்துறைப்பூண்டி

பெற்றோர் கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அவர் 1985-இல் ஒஹாயோவின் சின்சினாட்டியில் பிறந்தவர். 2025 பிப்ரவரியில் அந்த மாநில ஆளுநர் போட்டியில் இறங்கினார். இந்திய வம்சாவளியில் இதற்கு முன் ஆளுநரான பாபி ஜிண்டால் (லூசியானா, 2008), நிக்கி ஹேலி (தென் கரோலினா, 2011) இருவரும் பஞ்சாபிக் குடும்பங்கள்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பின் ஊர் திரும்பிவிட்டோம். இங்கிருந்து ஆளுநர் தேர்தலில் ஓட்டுப் போடலாமா?
தம்பதியர், தஞ்சாவூர்

கடைசியாக வசித்த மாநிலத்தைப் பொறுத்தது. கூட்டாட்சி அஞ்சலட்டை விண்ணப்பம் என்ற ஒரே படிவத்தில் பதிவும் ஓட்டுச் சீட்டுக் கோரிக்கையும் முடியும். ஆண்டுதோறும் புதிதாக அனுப்புவது நல்லது. அதில், திரும்பி வரும் எண்ணம் உண்டா என்று கேட்கும் இடத்தில் உண்மையை எழுதுங்கள். ஆனால் எழுதுவதன் பலனைத் தெரிந்து எழுதுங்கள்: திரும்பும் உத்தேசம் இல்லாதவர்களுக்குச் சில மாநிலங்கள் அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை மட்டும் உள்ள சீட்டைத்தான் அனுப்பும், ஆளுநர் பெயர்கள் அதில் இருக்காது. சீட்டு தேர்தலுக்கு 45 நாள் முன்பே கிளம்பும். உங்கள் மாநிலம் மின்னஞ்சலில் பெற அனுமதித்தால் அதையே தேர்ந்தெடுங்கள். திருப்பி அனுப்புவதைத் தபாலில்தான் ஏற்போம் என்று சொல்லும் மாநிலங்களும் உண்டு. அப்படியானால் செப்டம்பர் கடைசிக்குள் உறை கையை விட்டுப் போய்விட வேண்டும்.

நம்மவர்கள் சறுக்குவது பெயரிலும் கையெழுத்திலும். பதிவில் முதலெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து ஒரு பெயர், உறையில் தமிழில் ஒரு கையெழுத்து என்று இருந்தால் ஒத்துப் பார்ப்பவர் ஒதுக்கிவிடுவார். பதிவு செய்தபோது எப்படிப் போட்டீர்களோ அதே கையெழுத்து. நினைவில்லை என்றால் புது விண்ணப்பத்தில் இப்போதைய கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டு, அதன் நகலை உறையின் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். உறை போய்ச் சேர்ந்ததா என்று கவுன்டியின் இணையதளத்தில் பார்க்கலாம். ஒதுக்கப்பட்டிருந்தால் அவகாசம் சில நாள்தான், அன்றே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.